தயா பவாரின் ‘பலுதா’ வழியே தலித் தன்வரலாற்றை அறிதல்

தன்வரலாறு என்றதும் பொதுவாக நம் நினைவுக்கு வருவது பேரும் புகழும் பெற்ற ஒருவரின் முதுமைக்கால நூல். அரசியலிலோ கலையிலோ தொழிலிலோ உயர்ந்த ஒருவர், கடந்து வந்த பாதையைத் திரும்பிப் பார்த்து, தாம் இந்த நிலையை அடைந்தது எப்படி என்று சொல்வார். தலித் தன்வரலாறு என்ற இலக்கிய வகை இந்த எதிர்பார்ப்புக்குள் அடங்குவதில்லை. அதை எழுதியவர்களில் பலர் எழுதிய காலத்தில் நடுவயதைக்கூடத் தாண்டாதவர்கள். எழுத்தர்களாகவும் பள்ளி ஆசிரியர்களாகவும் வேலை பார்த்தவர்கள். ஊரறிந்த பெயர் எதுவும் இல்லாதவர்கள். தம் சொந்த வாழ்க்கையைச் சொல்லும்போதே, தம் சாதிக்கென்று ஊர் ஒதுக்கி வைத்திருந்த வாழ்க்கையையும் சேர்த்துச் சொன்னார்கள். இந்த வகையை மராத்தியில் பரவலாக அறியச் செய்த நூல், தயா பவார் எழுதி 1978இல் வெளிவந்த ‘பலுதா’. இதைப் புதிதாக அறிய விரும்பும் ஒருவர் அந்த நூலிலிருந்தும் அதை எழுதியவரின் வாழ்விலிருந்தும் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம். இந்த வகை எழுத்தின் வலிமையும், அதை நோக்கி எழுப்பப்பட்ட கேள்விகளும், அதன் குறைகளும் அந்த ஒரே நூலில் ஒருங்கே காணக் கிடைக்கின்றன.

நூலின் தலைப்பு ஒரு ஊர் வழக்கத்தின் பெயர். அந்த வழக்கத்தை அறியாமல் நூலுக்குள் நுழைய முடியாது என்பதால் அதை முதலில் பார்ப்போம். மராத்தி ஊர்களின் பழைய அமைப்பில் நிலம் வைத்து உழுபவர்கள் ஒரு பக்கமும், அவர்களுக்கும் ஊருக்கும் வேலை செய்த தொழிற்சாதியினர் மறுபக்கமும் இருந்தனர். தச்சர், கொல்லர், குயவர், நாவிதர், வண்ணார் என்று மரபாகப் பன்னிரண்டு சாதிகளைச் சொல்வார்கள். ஊருக்கு ஊர் இந்தப் பட்டியல் சற்று மாறும். அறுவடை முடிந்ததும் இவர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட தானியப் பங்குதான் பலுதா. பங்கு பெறுபவர் பலுதேதார். நம் ஊர்களில் களத்துமேட்டில் நாவிதருக்கும் வண்ணாருக்கும் நெல் அளந்த காலத்தை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆனால் பலுதேதார்கள் எல்லோரும் ஒரே நிலையில் இருக்கவில்லை. தச்சருக்குக் கலப்பை, கொல்லருக்குக் கொழு என்று வேலைக்கு ஒரு வரையறை இருந்தது. தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்ட மகார் சாதியினருக்கு அப்படி எந்த வரையறையும் இல்லை. ஊர் எல்லையைக் காப்பது, அரசு அதிகாரி வந்தால் அவருடைய குதிரைக்கு முன்னால் ஓடுவது, வசூலான வரியைத் தாலுகா அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, ஊரில் ஒருவர் இறந்தால் அந்தச் செய்தியைப் பக்கத்து ஊர்களில் உள்ள உறவினர்களுக்குக் கால்நடையாகவே போய்ச் சொல்வது, செத்த மாட்டை இழுத்து அப்புறப்படுத்துவது, பெரிய வீடுகளுக்கு விறகு பிளப்பது என்று நீளும் அந்தப் பட்டியலுக்கு முடிவு கிடையாது. இரவா பகலா என்ற கேள்வியும் கிடையாது. குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தன. முறை வந்த குடும்பத்தைச் சேர்ந்தவர் ‘ஏஸ்கர்’ எனப்பட்டார். அவர் சலங்கை கட்டிய கோல் ஒன்றை ஏந்தி, பொழுது சாய்ந்ததும் ஊருக்குள் வீடு வீடாகப் போய் வாசலுக்கு வெளியே நின்று குரல் கொடுப்பார். மிஞ்சிய சோள ரொட்டியும் குழம்பும் அவருடைய கம்பளியிலும் பாத்திரத்திலும் மேலிருந்து போடப்படும். அந்தக் கோலைப் பிடிப்பதே பெருமை என்று நினைத்த தலைமுறைகளும் இருந்தன என்பதுதான் இந்த அமைப்பின் மிகக் கொடிய பகுதி. பீதர் சுல்தான் மகார்களுக்கு 52 உரிமைகளை வழங்கினார் என்ற பழங்கதை அவர்களிடையே வழிவழியாகச் சொல்லப்பட்டு வந்தது. பிணத்தின் மீது போர்த்திய துணியை எடுத்துக்கொள்வதும், செத்த மாட்டின் தோலையும் இறைச்சியையும் பெறுவதும் அந்த உரிமைகளுக்குள் அடக்கம்.

இந்த ஏற்பாட்டைச் சட்டத்தின் வழியே உடைக்க முயன்றவர் டாக்டர் அம்பேத்கர். மகார்கள் செய்தது அரசாங்க வேலை. ஆனால் அதற்கு அரசாங்கம் சம்பளம் தரவில்லை. ‘வதன்’ என்ற பெயரில் சிறு துண்டு நிலமும் ஊரார் மனம் வைத்துத் தரும் பலுதாவுமே கூலி. முறைக்குரியவர் இல்லாவிட்டால் வீட்டிலுள்ள யாரையும் எந்நேரமும் வேலைக்கு இழுக்கலாம். இதை மாற்ற வேண்டும் என்று 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் மசோதா கொண்டுவந்தார். மகார் வதன் முழுவதுமாக ஒழிக்கப்பட்டது 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில்தான். ஊர் போடும் ரொட்டி உணவாக இருந்தவரை, ஊரை எதிர்த்து யாரும் வாய் திறக்க முடியாது. தீண்டாமையை எதிர்த்த போராட்டத்தில் அம்பேத்கர் இந்த ரொட்டியின் மீதே குறி வைத்ததற்குக் காரணம் அதுவே.

தயா பவார் பிறந்தது இந்த அமைப்பு ஆட்டம் காணத் தொடங்கிய காலத்தில். 1935இல் அகமத்நகர் மாவட்டத்தில், அகோலே வட்டத்தைச் சேர்ந்த தாமண்கான் என்ற ஊரில் மகார் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் தகடு; தந்தை பெயர் மாருதி. தகடு என்றால் மராத்தியில் கல். குப்பை, கல், மண் என்று பொருள்படும் பெயர்களையே தீண்டத்தகாத சாதிகளின் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. கடைநிலை வருணத்தாரின் பெயர் இழிவைக் காட்ட வேண்டும் என்று மனுஸ்மிருதி சொல்வது ஏட்டோடு நிற்கவில்லை என்பதற்கு அந்தப் பெயர்களே சாட்சி. பின்னாளில் எழுத்தாளராக அவர் ஏற்ற பெயரே தயா. இந்த இரண்டு பெயர்களையும் வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். நூலின் கட்டமைப்பே அவற்றின் மீதுதான் நிற்கிறது.

தந்தை பம்பாயில் கப்பல் பழுதுபார்க்கும் துறையில் கூலி வேலை பார்த்தார். ஆகவே குழந்தைப் பருவத்தின் ஒரு பகுதி பம்பாயின் நாக்பாடாவை அடுத்த காவாக்கானா என்ற குடியிருப்பில் கழிந்தது. ஊரிலிருந்து பிழைப்புத் தேடி வந்த மகார் குடும்பங்கள் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தன. ஒரே அறையை இரண்டு மூன்று குடும்பங்கள் மரப்பெட்டிகளால் தடுத்துப் பிரித்துக்கொண்டன. ஆண்கள் துறைமுகத்திலும் ஆலைகளிலும் வேலை தேடினார்கள். பெண்கள் விடிவதற்கு முன்பே எழுந்து தெருத்தெருவாகக் கந்தல் துணி, காகிதம், உடைந்த கண்ணாடி, இரும்புத் துண்டு ஆகியவற்றைப் பொறுக்கி வந்து, தரம் பிரித்து விற்றார்கள். பக்கத்து விபச்சார விடுதிகளில் இருந்த பெண்களின் புடவைகளைத் துவைத்துக் கொடுத்துக் காசு பெற்றார்கள். பவாரின் தாயும் கந்தல் பொறுக்கியவரே. தந்தை குடிக்கு அடிமையானார். ஊரில் செத்த மாடு, நகரத்தில் செத்த பொருட்கள் என்று, பிறர் வேண்டாமென்று தள்ளியதிலிருந்தே வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. ஊரை விட்டு வந்தால் சாதி விட்டுப்போகும் என்ற நம்பிக்கை முழுமையாகப் பலிக்கவில்லை என்பதைக் காவாக்கானாவைப் பற்றிய பகுதிகள் ஒவ்வொரு பக்கத்திலும் சொல்கின்றன. எனக்கு அந்த நூலில் மிகவும் வலுவானவையாகத் தோன்றுபவை இப்பகுதிகள்தாம். சூதாட்டம், குடி, சண்டை, பாட்டு, கூத்து, ஒருவருக்கொருவர் செய்துகொள்ளும் உதவி என்று எல்லாவற்றையும் ஒரே பார்வையில் அவர் எழுதுகிறார். எதையும் அழகுபடுத்துவதும் இல்லை, எதன் மீதும் அருவருப்புக் கொள்வதும் இல்லை.

பிறகு குடும்பம் ஊருக்குத் திரும்பியது. பவார் ஊர்ப் பள்ளியிலும், அடுத்துச் சங்கம்நேரில் தங்கியும் படித்தார். அம்பேத்கர் இயக்கத்தின் சூடு அந்த ஊர்களை எட்டியிருந்த காலம் அது. செத்த மாட்டிறைச்சியை உண்பதில்லை, ஊர் வேலை செய்வதில்லை, ரொட்டிக்குக் கையேந்துவதில்லை என்று மகார்களின் குடியிருப்புகளான மகார்வாடாக்களில் முடிவெடுத்தார்கள். இந்த முடிவு எவ்வளவு கடினமானது என்பதை உணர, அதுவரை இறைச்சி எப்படிச் சேமிக்கப்பட்டது என்பதை நூலில் படிக்க வேண்டும். மாடு செத்த செய்தி கிடைத்ததும் மகார்வாடா முழுவதும் கூடிப் பங்கு பிரிக்கும். உடனே தின்று தீராததை வாராகக் கீறி, நம் ஊர் உப்புக்கண்டம் போல வெயிலில் உலர்த்தி வைப்பார்கள். ‘சான்யா’ எனப்பட்ட அந்தத் துண்டுகள் வேலையும் விளைச்சலும் இல்லாத மாதங்களில் பிள்ளைகளின் வயிற்றை நிரப்பின. அதைத் தூக்கி எறிவது என்பது, வேறு உணவு கைக்கு வருவதற்கு முன்பே இருந்த உணவைத் துறப்பது. தன்மானத்துக்காக ஒரு சமூகம் பசியை ஏற்றது என்று ஒரே வரியில் வரலாற்று நூல்கள் சொல்வதை, ஒரு வீட்டின் அடுப்பிலிருந்து பவார் காட்டுகிறார்.

1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார். இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினார்கள். பவாருக்கு அப்போது வயது 21. படிப்பு முடித்துப் பம்பாய்க்கு வந்து எழுத்தர் வேலையில் சேர்ந்த அவர், அலுவலகத்தில் ஒரு மனிதராகவும் வீடு திரும்பினால் வேறொரு மனிதராகவும் வாழ நேர்ந்த முதல் தலைமுறைத் தலித்துகளில் ஒருவர். கவிதைதான் அவருடைய முதல் ஊடகம். 1974இல் வெளிவந்த ‘கோண்ட்வாடா’ என்ற தொகுப்பு அவரைக் கவிஞராக நிலைநிறுத்தியது. பிறர் வயலில் மேய்ந்த மாட்டைப் பிடித்து அடைக்கும் பட்டியின் பெயரே அந்தத் தலைப்பு.

தனி மனிதர் ஒருவரின் துணிவால் மட்டும் ‘பலுதா’ பிறந்துவிடவில்லை. அதற்கு முன்னால் ஒரு நீண்ட எழுத்து மரபும் ஒரு இயக்கமும் இருந்தன. 14ஆம் நூற்றாண்டில் பண்டரிபுரத்து விட்டலனைப் பாடிய சோகாமேளர் மகார். கோயிலுக்குள் நுழைய முடியாத அவருடைய வேதனை அபங்கங்கள் எனப்படும் பக்திப் பாடல்களில் பதிவாகியிருக்கிறது. பூனாவில் ஜோதிராவ் புலே, சாவித்திரிபாய் புலே நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிச் சிறுமியான முக்தா சால்வே, மகார், மாங் மக்களின் துயரத்தைப் பற்றி எழுதிய கட்டுரை 1855இல் ‘ஞானோதயா’ இதழில் வந்தது. தலித் இலக்கியத்துக்கென்று முதல் மாநாடு 1958இல் பம்பாயில் கூடியது. அதைத் தொடங்கி வைத்தவர் அண்ணாபாவ் சாத்தே. பள்ளிப் படிப்பு ஏறக்குறைய இல்லாமல் வளர்ந்து, ஆலைத் தொழிலாளியாகவும் கம்யூனிஸ்ட் பாடகராகவும் நாவலாசிரியராகவும் ஆனவர் அவர். பூமி நிற்பது சேஷநாகத்தின் தலை மீது அல்ல, தலித்துகளும் உழைப்பாளிகளும் ஏந்தியிருக்கும் உள்ளங்கைகளின் மீது என்ற கருத்தை அந்த மேடையில் அவர் வைத்தார். 1963இல் வந்த பாபுராவ் பாகூலின் சிறுகதைத் தொகுப்பு, சாதியை மறைத்து வாழ நேர்ந்த ஒருவனின் கதையைத் தலைப்பாகக் கொண்டிருந்தது. அம்பேத்கர் ஔரங்காபாத்தில் நிறுவிய மிலிந்த் கல்லூரியைச் சுற்றி உருவான இளைஞர் வட்டத்திலிருந்து, கங்காதர் பாந்தாவணே நடத்திய ‘அஸ்மிதாதர்ஷ்’ போன்ற இதழ்கள் வெளிவந்தன.

1972இல் நாம்தேவ் தசால், ராஜா டாலே, ஜே.வி. பவார் முதலானோர் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கத்தைத் தொடங்கினார்கள். இந்த இடத்தில் தமிழ்நாட்டோடு நேரான தொடர்பு ஒன்று உண்டு. தீண்டாமை பற்றி ஆராய இந்திய அரசு 1965இல் நியமித்த குழுவின் தலைவர் நம் எல். இளையபெருமாள். நாடெங்கும் தலித்துகள் மீது நிகழ்த்தப்பட்ட கொடுமைகளைத் தொகுத்த அக்குழுவின் அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டபோது எழுந்த அதிர்ச்சியும், அதன் பின்னும் மகாராஷ்டிரத்தில் தொடர்ந்த வன்கொடுமைகளும், அரசு வாளாவிருந்ததும் அந்த இளைஞர்களைத் தெருவுக்கு இழுத்தன. சிறுத்தைகளின் தலைவர்களில் பலர் கவிஞர்களாக இருந்ததால், போராட்டமும் எழுத்தும் பிரியாமல் வளர்ந்தன. தசாலின் கவிதைத் தொகுப்பான ‘கோல்பிட்டா’வும் 1972இல்தான் வந்தது. பவார் அந்தக் கவிஞர்களை விட வயதில் மூத்தவர், குரலில் தாழ்ந்தவர். தசாலின் கவிதை வாசகரை நோக்கிப் பாய்கிறது என்றால், பவாரின் உரைநடை எதிரே அமர்ந்து பேசுகிறது.

வாசகர் இயக்கமாகச் செயல்பட்ட கிரந்தாலி என்ற பதிப்பகம் 1978இல் ‘பலுதா’வை வெளியிட்டது. நூல் தொடங்கும் விதம் கவனிக்கத்தக்கது. தயா பவார் என்ற எழுத்தாளர், தகடு பவார் என்ற மனிதரைச் சந்திக்கிறார். தகடு தன் கதையைச் சொல்ல, தயா கேட்கிறார். இருவரும் ஒருவரே என்பது வாசகருக்குத் தெரியும். தெரிந்தும் இந்தப் பிரிவினையை ஏற்றே மேலே படிக்க வேண்டியிருக்கிறது. படித்து, பம்பாயில் வேலைக்குப் போய், கவிஞர் என்று பெயரெடுத்தவருக்குள் இன்னும் ஊர் வைத்த பெயரோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முன்னவர் பின்னவரை மறைக்கவும் விரும்புகிறார், மறக்க முடியாமலும் தவிக்கிறார். தலித் தன்வரலாறு என்ற வகையின் மையமான சிக்கலை இதைவிடத் தெளிவாகக் காட்டிய உத்தி வேறொன்றை நான் படித்ததில்லை. தன்வரலாறு எழுதுபவர் தாம் யார் என்று அறிந்தவராக இருப்பார் என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். பிறர் வைத்த பெயரைச் சுமந்து வளர்ந்தவருக்கு அந்த அறிதலே எழுத்தின் வழியாகத்தான் கிடைக்க வேண்டியிருக்கிறது.

இந்த வகையின் அடுத்த இயல்பு, ‘நான்’ என்று சொல்லும்போதே ‘நாங்கள்’ என்ற பொருளும் சேர்ந்து ஒலிப்பது. ஏஸ்கர் கோலைப் பற்றி ஒரு மகார் எழுதினால் அது அவர் தந்தையின் கதையாக மட்டும் இராது. ஆயிரம் ஊர்களில் அதே கோலைப் பிடித்தவர்கள் எல்லோருடைய கதையாகவும் ஆகிவிடும். இதனால் ஒரு தவறான முடிவுக்கும் பலர் வருகிறார்கள். இந்நூல்களைச் சமூகவியல் ஆவணங்களாக மட்டும் படித்து, அவற்றிலுள்ள தனிமனிதரைத் தவறவிடுகிறார்கள். ‘பலுதா’வில் வரும் தகடு எல்லா மகார்களின் வார்ப்பும் அல்ல. அவர் கூச்சமுள்ளவர், தயங்குபவர், சில நேரங்களில் கோழை. இயக்கம் தன்னிடம் எதிர்பார்க்கும் வீரம் தன்னிடம் இல்லையே என்று வருந்துபவர். அப்படிப்பட்ட ஒருவரைக் கதைநாயகராக்கியதே இலக்கியத் துணிவு என்று நான் கருதுகிறேன்.

இந்த நேர்மைதான் நூலுக்கு எதிர்ப்பையும் கொண்டுவந்தது. படித்து நகரங்களில் குடியேறிய தலித்துகளில் ஒரு பகுதியினர், மறக்க வேண்டியவற்றை ஏன் சந்தியில் வைக்க வேண்டும் என்று கேட்டார்கள். செத்த மாட்டு இறைச்சியையும் குடியையும் குடும்பச் சண்டைகளையும் எழுதினால் ஊரார் இன்னும் இளக்காரமாகப் பார்க்க மாட்டார்களா என்பது அவர்களுடைய கேள்வி. அதைப் புறந்தள்ளிவிட முடியாது. பல ஆண்டுகள் பாடுபட்டு அலுவலகத்திலும் குடியிருப்பிலும் ஒரு மரியாதையைச் சம்பாதித்தவருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் அந்த நூலைப் படித்துவிட்டுத் தன்னைப் பார்க்கும் பார்வை மாறிவிடுமோ என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் அந்த அச்சத்துக்குள்ளேயே, பட்ட இழிவுக்குப் பட்டவரே வெட்கப்பட வேண்டும் என்ற ஊரின் தீர்ப்பு ஒளிந்திருக்கிறது. பவார் எழுதியதன் வழியாக அந்த வெட்கத்தை உரியவர்களிடம் திருப்பிக் கொடுத்தார். ரொட்டியை மேலிருந்து போட்ட கை எதுவோ, வெட்கம் அந்தக் கைக்கு உரியது.

மறுபக்கத்தில், மராத்தி நடுத்தர வர்க்கத்து வாசகர்கள் நூலை மிகுந்த ஆர்வத்தோடு வரவேற்றார்கள். தம் ஊரின் மறுகோடியில் இப்படி ஒரு வாழ்க்கை நடந்திருக்கிறது என்பது அவர்களில் பலருக்குப் புதிய செய்தி. அந்த வரவேற்பில் உண்மையான மனக்கலக்கமும் இருந்தது. துயரத்தைப் படித்துக் கண்ணீர் விடுவதோடு தம் கடமை முடிந்தது என்ற நிறைவும் இருந்தது. தலித் எழுத்துக்கு இரக்கத்தை மட்டும் கூலியாகக் கொடுப்பது பலுதாவின் இன்னொரு வடிவமே என்று சொல்லத் தோன்றுகிறது.

நடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மராத்தி எழுத்துநடைக்கு நெடுங்காலம் அளவுகோலாக இருந்தது பூனாவின் படித்த பிராமணக் குடும்பங்களின் பேச்சு. பவார் ஊர்ப் பேச்சையும், பல மொழிகள் கலந்த பம்பாய்த் தெருப் பேச்சையும், படித்தவரின் உரைநடையையும் தேவைக்கேற்பக் கலந்து எழுதினார். வசைச் சொற்களை அவர் மறைக்கவில்லை. காலவரிசையையும் அவர் கறாராகப் பின்பற்றுவதில்லை. ஒரு நினைவு இன்னொன்றைக் கிளறிவிட, ஊரிலிருந்து காவாக்கானாவுக்கும் அங்கிருந்து மீண்டும் ஊருக்கும் போய்வருகிறார். முதல் வாசிப்பில் இது சிலருக்குக் குழப்பம் தரலாம். பேசுபவர் தகடு என்பதையும், அவர் ஒரு நண்பரிடம் மனம் திறந்து பேசுகிறார் என்பதையும் நினைவில் கொண்டால் அந்தக் குழப்பம் நீங்கிவிடும்.

நூலின் குறைகளில் பெரியது பெண்களைப் பற்றிய இடங்களில் இருக்கிறது. தாயைப் பற்றி எழுதும்போது பவாரின் எழுத்து மிக உயரத்தில் நிற்கிறது. குடிகாரக் கணவனையும் பிள்ளைகளையும் கந்தல் பொறுக்கிக் காப்பாற்றிய அந்தப் பெண்ணின் உழைப்பு நூல் முழுவதையும் தாங்குகிறது. ஆனால் முதல் மனைவி மீது சந்தேகம் கொண்டு அவரை விலக்கிய பகுதியில், தன் குற்றத்தை அவர் ஒளிக்காமல் சொன்னாலும், அந்தப் பெண்ணின் தரப்பு நமக்குக் கேட்பதில்லை. சாதியால் நசுக்கப்பட்ட ஆண், வீட்டுக்குள் இன்னொருவரை நசுக்கியதை வாக்குமூலமாகச் சொல்வது பெரிய நேர்மைதான். ஆயினும் நசுக்கப்பட்டவரே பேசுவதற்கு அது ஈடாகாது.

அந்தப் பேச்சு விரைவிலேயே வந்தது. பேபி காம்ப்ளேயின் ‘ஜிண ஆமுச்ச’ நூலாக 1986இல் வெளிவந்தது. அதற்கு முன் ‘ஸ்த்ரீ’ இதழில் தொடராக வந்திருந்தது. மேற்கு மகாராஷ்டிரத்து மகார்வாடாவின் பெண்களை, அவர்களுடைய பிரசவங்களை, மாமியார் கொடுமையை, பசியை, அம்பேத்கரின் பேச்சைக் கேட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிடிவாதத்தை அவர் எழுதினார். சாதி தந்த அடிமைத்தனத்தை வீட்டு ஆண்கள் பெண்கள் மீது இறக்கியதை அவர் மழுப்பவில்லை. கணவருக்குத் தெரியாமல் பல ஆண்டுகள் மறைத்து வைத்து எழுதிய எழுத்து அது. சாந்தாபாய் காம்ப்ளேயும் தம் வாழ்க்கையை எழுதினார். ஊர்மிளா பவாரின் ‘ஆய்தான்’ 2003இல் வந்தது. கொங்கணக் கரையோர ஊர் ஒன்றில் மூங்கில் கூடை முடைந்து பிழைத்த தாயின் கைவேலையே அந்தத் தலைப்பு. ஆகவே ‘பலுதா’வைப் படித்தவர் அடுத்து எடுக்க வேண்டியவை இந்தப் பெண்களின் நூல்கள் என்று நான் வற்புறுத்துவேன், பவார் விட்ட இடத்தை அவை நிரப்புகின்றன.

‘பலுதா’ திறந்த வழியில் ஆண்களின் நூல்களும் வரிசையாக வந்தன. நாடோடிச் சாதியான கைகாடிகளிடையே பிறந்து, கழுதை மீது வீட்டை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன வாழ்க்கையை லட்சுமண் மானே 1980இல் ‘உபரா’வில் எழுதினார். மகார் தாய்க்கும் ஆதிக்க சாதி நிலவுடைமையாளருக்கும் பிறந்து, எந்தச் சாதியிலும் முழுமையாக ஏற்கப்படாத பிள்ளையின் வாழ்க்கையைச் சரண்குமார் லிம்பாலே 1984இல் ‘அக்கர்மாஷி’யில் எழுதினார். பிரிட்டிஷ் ஆட்சி குற்றப் பரம்பரை என்று முத்திரை குத்திய சமூகத்திலிருந்து வந்த லட்சுமண் கெய்க்வாட் 1987இல் ‘உச்சல்யா’வை எழுதினார். மானேயும் கெய்க்வாடும் இந்நூல்களுக்காகச் சாகித்திய அகாதமி விருது பெற்றார்கள். தலித் வாழ்க்கை என்பது ஒரே அச்சில் வார்த்தது அல்ல, சாதிக்குச் சாதி, வட்டாரத்துக்கு வட்டாரம், ஆணுக்கும் பெண்ணுக்கும் அதன் முகம் வேறு என்பதை இந்நூல்களைச் சேர்த்துப் படிக்கும்போதுதான் உணர முடியும். தமிழில் 1990களில் எழுந்த தலித் இலக்கிய அலை, அம்பேத்கர் நூற்றாண்டையொட்டி இங்கே பரவிய விவாதங்களோடும் மராத்தி எழுத்துகள் தந்த ஊக்கத்தோடும் தொடர்புடையது. பாமாவின் ‘கருக்கு’ 1992இல் வந்தது. அதில் நாம் காணும் கிறிஸ்தவப் பின்னணியும் மடத்து வாழ்க்கையும் மராத்தி நூல்களில் இல்லாதவை. வகை ஒன்றானாலும் ஊருக்கேற்ற வழியில் அது வளர்ந்தது.

தயா பவார் ‘பலுதா’வுக்குப் பின்னும் சிறுகதைகளும் கட்டுரைகளும் எழுதினார். ஜப்பார் படேல் இயக்கிய அம்பேத்கர் திரைப்படத்தின் திரைக்கதைப் பணியில் பங்கேற்றார். படம் வெளியானபோது அவர் உயிரோடு இல்லை. 1990இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர், 1996 டிசம்பரில் மறைந்தார். அவருடைய மகள் பிரத்ன்யா தயா பவார் இன்று மராத்தியின் முக்கியக் கவிஞர்களில் ஒருவர்.

மராத்தி அறியாதவர்கள் ‘பலுதா’வை ஜெர்ரி பின்டோ செய்த ஆங்கில மொழிபெயர்ப்பில் படிக்கலாம், அது 2015இல் வெளிவந்தது. இந்தி அறிந்தவர்களுக்கு ‘அசூத்’ என்ற பெயரில் மொழிபெயர்ப்பு இருக்கிறது. படிக்கத் தொடங்கும்போது ஒன்றை மட்டும் மனத்தில் கொள்ளுங்கள். தகடு எப்போது வெல்லப் போகிறார் என்று எதிர்பார்த்துப் பக்கம் புரட்ட வேண்டாம். அவருக்கு வேலை கிடைக்கிறது, வீடு கிடைக்கிறது, பெயர் கிடைக்கிறது, ஆனாலும் கதை அங்கே நிற்பதில்லை. அவர் ஒவ்வொரு இடத்திலும் எதை மறைக்க வேண்டியிருந்தது, யாரிடம் மறைக்க வேண்டியிருந்தது என்பதைக் கவனித்துக்கொண்டே போங்கள். முதல் வாசிப்புக்கு அந்த ஒரு இழை போதும்.